வயிற்றுக்கு எடுத்த படம்

டச் பே கரையில் முகாம் ஒன்று கட்டினார்கள்.
புதுத் தறப்பாள், இருபத்தாறு.
கொழும்புப் பெடியன்கள் இரண்டு பேர்
வாளியில் தேயிலைச் சாயம் கரைத்து
அதற்கு முப்பது வருடத் துயரம் பூசினார்கள்.
காயும்வரை நாங்கள் காத்திருந்தோம்
ஆளுக்கொரு சோற்றுப் பார்சலோடு.

"இவ்வளவு ஊத்தையாய் இருக்காது தம்பி,
விடிய முன்னமே கூட்டிப்போடுவோம்" என்றேன்.
"கமராவுக்கு அது விளங்காதக்கா" என்றான்.

கிளிவெட்டியில் நான் மெய்யாகவே இருந்தது
ஏழு வருடம், சம்பளமில்லாமல்.
இங்கே நாளுக்கு ஆயிரத்தைந்நூறு,
அழுதால் ஐந்நூறு கூட.
நாகபூசணி காலை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டாள்.
நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்,
வெளிச்சம் இன்னும் சரிவரவில்லையாம்.

கோணலிங்கத்தின் கிழிந்த சாரத்தை
உடுப்புக்காரர் மூவாயிரத்துக்கு வாங்கினார்.
மத்தியானத்துக்குள் திருக்கடலூரில்
கிழியாத சாரம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இயக்குநர் நல்ல மனுசன், பொய் சொல்லக்கூடாது.
செருப்பைக் கழற்றிவிட்டு
எங்களோடு மண்ணில் இருந்து சாப்பிட்டார்.
கால் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.
எல்லாரிடமும் அதே கேள்வி:
அந்த நாட்களில் மனம் எப்படி இருந்தது?
நுளம்பு கடித்தது என்றேன்.
கொப்பியில் எழுதவில்லை.

"சேர், உங்கட படம் பார்த்திருக்கிறன்" என்றேன்.
"மாப்பிள்ளை மணவறையோடு குளத்துக்குள் போவாரே, அது.
முகாமில், லான்ட்மாஸ்டர் பட்டரியில் டீவி பூட்டி.
என்ர மனுசன் சிரித்துச் சிரித்துப் பாயைவிட்டு உருண்டு
பக்கத்துக் கூடாரக் கயிற்றில் காலை மாட்டி
அது அந்தச் சனத்தின் தலையில் விழுந்து
அவையளும் உள்ளுக்குள் கிடந்து சிரிச்சவை."

அவருக்கு முகம் கறுத்தது.
"ஐயோ, அதை விடுங்கோ.
அது வயித்துக்காக எடுத்தது."

"எங்களுக்கும் வயித்தில்தான் சேர்.
மூன்று நாள் நொந்தது."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
உங்கள் கணவர் எப்படி... என்று இழுத்தார்.
பேனை மூடியைத் திறந்துவிட்டார்.
சீனி வருத்தம் என்றேன்.
பேனை மூடிக்கொண்டது.

நாலு மணிக்கு அழுகைக் காட்சி.
கோட்டைப் பக்கமிருந்து மான் ஒன்று இறங்கி வந்தது.
எங்கள் ஊர் மான் எதுவும் தின்னும்,
லொத்தர் துண்டு, ரொட்டி சுற்றின பேப்பர்,
நகரசபை அறிவித்தல்.
இயக்குநரின் கதிரையில் கிடந்த வசனக்கட்டை
முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காய்த் தின்னத் தொடங்கியது.
உதவியாள் ஒருவன் கையை ஆட்டினான்.
மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு
அடுத்த தாளை எடுத்தது.

"கவலை நல்ல ருசி போல கிடக்கு,"
நாகபூசணி என் காதுக்குள்.

நான் கடல்பக்கம் திரும்பிக் குந்தினேன்.
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன்.
அடக்க அடக்கத் தோள் குலுங்கியது,
முதுகு குலுங்கியது, கால்விரல் மண்ணைக் கிண்டியது,
பக்கத்துக் கூடாரம் இன்னொரு தரம் விழுந்தது.

கமரா பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நிறுத்தினபோது ஒருவரும் கதைக்கவில்லை.
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஐந்நூறைத் தன் கையாலேயே தந்தார்.
"அழுகைக்கு" என்று எழுதியிருந்த இடத்தில்
கையெழுத்து வைத்தேன்.

படம் எங்கேயோ குளிர் ஊரில் பரிசு எடுத்ததாம்.
மருமகன் போனில் காட்டினான்:
விளம்பரம் முழுக்க என் முதுகு.

மீன் சந்தையில் வைத்து நாகபூசணிக்குக் காட்டினேன்.
கூடையைக் கீழே வைத்தாள்.
பிறகு நானும் குந்தினேன்.
சூடை நிறுக்க நின்ற பெண் ஒருத்தி
பின்னால் வந்து முதுகைத் தடவினாள்,
"ஏனக்கா, ஆர் செத்தது?"